சொல்வதை எழுதுதல்

ஜூன் 10, திங்கள்

இன்று பள்ளியில் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பு. அந்த வகுப்பின் டீச்சர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். அவர் திரும்பி வரும்வரை நான். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் வேலைக்குப் போகிறாள் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சேலை கட்டிக்கொண்டு நடந்தபோது ஒவ்வொரு தறிப்பட்டறை வாசலிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. நான் தரையைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

பள்ளி காவிரிக்கரைச் சந்தில் இருக்கிறது. என் வகுப்பின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிப் பட்டறை. சுவரே லேசாக நடுங்குகிறது. கரும்பலகையின் கீழ்க்கட்டையில் சாக்பீஸை வைத்தால் அது தானாக நகர்ந்து விழுகிறது.

தலைமையாசிரியை பெயர் சம்பூர்ணம். எல்லோருக்கும் ‘பெரிய டீச்சர்’. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். கேட்கவில்லை என்றார். மறுபடியும் சொன்னேன்.

“கோகிலாவா? குயிலு இன்னும் முட்டைக்குள்ளயே இருக்குதாட்டத் தெரியுது. இங்க பாரு அம்மணி, தறிச் சத்தத்துக்கு மேல கத்துனாத்தான் இங்க பாடம். என்ற தொண்டையப் பாத்தீல்ல? கிழிஞ்ச முறம் மாதிரி ஆயிருச்சு. நீயும் கிழிச்சுக்க.”

தலையாட்டினேன்.

ஜூன் 13, வியாழன்

கத்திப் பார்த்தேன். என் கத்தல் முதல் வரிசையைத் தாண்டுவதில்லை. தருண் என்ற பையன் எழுந்து நின்று, “மிஸ், உங்க வால்யூம் பட்டன் எங்க இருக்குது? நா வந்து திருகட்டா?” என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் எல்லோரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவனிடம் அழிரப்பர் கேட்பதற்கே ஆற்றுக்கு அக்கரையிலிருந்து கூப்பிடுவதுபோல் கத்துகிறார்கள்.

முதல் வரிசையில் பிரகதி, ஜனனி என்று இரண்டு பெண்கள். எப்போதும் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். இதில் இந்தப் பிரகதி என் முகத்தையே பார்க்கிறாள். இமைப்பதுகூட இல்லை. நான் நகர்ந்தால் அவள் தலையும் நகர்கிறது. இப்படிப் பார்த்தால் எனக்கு வாய் குழறுகிறது. அதனால் பெரும்பாலும் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துகிறேன். அது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

தறி ஓட்டி ஓட்டி அம்மாவுக்குக் காது மங்கிவிட்டது. வீட்டில் நாங்கள் முகம் பார்த்துத்தான் பேசுவோம். பட்டறைக்குள் இந்த ஊரே அப்படித்தான் பேசும். சத்தம் போட்டுப் பயனில்லை. உதட்டை நன்றாகத் திறந்து, கண்ணையும் கையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால், நாலு தறி தள்ளி நிற்பவருக்குக்கூட விளங்கிவிடும். ஒப்பாரியிலிருந்து ஊர்வம்பு வரைக்கும் அப்படியே பேசி முடிப்பார்கள்.

கல்லூரி விடுதியில் நானும் அப்படித்தான் பேசினேன். “என்னடி, ஊமைப்படம் ஓட்டற?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு உதடு அதிகம் அசையாமல் பேசப் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். படிப்போடு சேர்த்து அதையும் தேறினேன் என்று சொல்லலாம்.

இன்று அம்மா, “வாயத் தொறந்து பேசு சாமி, ஒண்ணும் வெளங்க மாட்டீங்குது. பள்ளிக்கொடத்துலயும் இப்படித்தான் மொணங்கறியா?” என்று கேட்டாள். அம்மாவிடம் மட்டும் பழையபடி பேசுகிறேன். வெளியில் இல்லை.

ஜூன் 24, திங்கள்

சொல்வதை எழுதுதல் வைத்தேன். வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே சொற்களைச் சொன்னேன். மழை, குடை, தவளை, கிணறு.

திருத்தும்போது பார்த்தேன். பிரகதியின் தாளும் ஜனனியின் தாளும் ஒன்றே. ஜனனி ஓரிடத்தில் தப்பாக எழுதி அடித்துவிட்டுப் பக்கத்தில் திருத்தியிருந்தாள். பிரகதியும் அதே இடத்தில் தப்பாக எழுதி, அடித்து, பக்கத்தில் திருத்தியிருந்தாள். சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சடித்ததுபோல் எழுதும் பெண் அவள். காதால் கேட்டு எழுத மட்டும் சோம்பல்.

பெரிய டீச்சரிடம் தாளைக் காட்டினேன். “ரெண்டையும் பிரிச்சுப் போடு. ஒட்டிக்கிட்டே கெடந்தா ஒண்ணு இன்னொண்ணத் தின்னுட்டுக் கெடக்கும்” என்றார். பிரகதியைக் கதவோரத்துக் கடைசிப் பலகைக்கு மாற்றினேன். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஜனனியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜனனி அழுதாள். பிரகதி அழவில்லை.

ஜூலை 3, புதன்

கதவோரத்திலிருந்து உருப்படியாக ஒரு பதில்கூட வருவதில்லை. எதைக் கேட்டாலும் எழுந்து நிற்கிறாள். “புரிஞ்சுதா?” என்றால் வகுப்பே அதிரும்படி “புரிஞ்சுது மிஸ்” என்கிறாள். பெயரைக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புகிறாள். திமிரா, கனவா, தெரியவில்லை.

மதிய உணவு முட்டைகளில் பாதி ஓடு உரியாமல் வந்தன. உரித்துக் கொடுத்தே என் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

ஜூலை 9, செவ்வாய்

சொல்வதை எழுதுதலில் இன்றும் பிரகதியின் தாள் வெற்றுத்தாள்.

ஜூலை 12, வெள்ளி

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். இன்று அந்த நாள். காலையில் தறிகள் நின்றன. ஊரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. படித்துறையில் யாரோ துணி துவைப்பதுகூட வகுப்புக்குள் கேட்டது. பிள்ளைகள் மிரண்டுபோய்த் தாங்களாகவே குசுகுசுவென்று பேசினார்கள்.

என் குரல் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. சேர்ந்த நாளிலிருந்து இன்றுதான் எனக்கு வேலை பிடித்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நிதானமாகச் சொற்களைச் சொன்னேன். எல்லாத் தலைகளும் குனிந்தன, எழுதின. தருண்கூட எழுதினான். பிரகதி மட்டும் எழுதவில்லை. தூரத்தில் இருந்த ஜனனியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முன்னால் போய் நின்றேன். “எல்லாருக்கும் கேக்குது. உனக்கு மட்டும் கேக்கலயா?”

என் வாயைப் பார்த்தாள். “கேக்குது மிஸ்!” என்று கத்தினாள். அந்த அமைதியில் அது அலறல்போல் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“அப்ப எழுது.”

“எழுதறேன் மிஸ்!”

எழுதவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு நாளாவது என்று நினைத்திருந்தேன். அவளைக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். முட்டி போடச் சொல்லவில்லை. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

அவள் வெளியில் நிற்கும்போதே கரண்டு வந்தது. தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்ப, பிள்ளைகள் “ஓ” என்று கூவினார்கள். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, எல்லோர் வாயும் திறந்திருப்பதைப் பார்த்தாள். பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்துப் பார்த்துவிட்டு, எல்லோரும் கூவி முடித்த பிறகு தனியாக “ஓ” என்றாள்.

எதிலும் ஒரு படி தாமதம் இந்தப் பெண்.

ஜூலை 16, செவ்வாய்

வெள்ளிக்கிழமை வெளியாட்கள் வந்து பிள்ளைகளைப் படிக்கவும் எழுதவும் சொல்லிப் பார்ப்பார்களாம். பெரிய டீச்சர் பதற்றமாக இருக்கிறார். பிள்ளைகள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது என் வகுப்புக்கு வந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். கதவோரத்தைக் கண்ணால் காட்டி அவளைப் பற்றியும் ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். பெரியவர்கள் பேசினால் தலையாட்டுவது என் வழக்கம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் சுவரில் ஒட்டப் படங்கள் வெட்டினேன். மீன், மாம்பழம், பேருந்து. பசை காய்ந்துபோயிருந்தது, சோற்றை வைத்து ஒட்டினேன்.

ஜூலை 18, வியாழன்

பிரகதி வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நன்றாக நடந்தது. தருண் ஒரு பத்தியைத் தடுக்காமல் படித்தான். “பரவால்ல அம்மணி, முட்டை விரிசல் விட்டுருச்சு” என்று பெரிய டீச்சர் என் முதுகில் தட்டினார்.

பிரகதி இன்றும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். கதவோரம் காலியாக இருந்ததைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூலை 20, சனி

அம்மாவும் நானும் முறத்தில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கரண்டு போயிருந்தது. பகல் என்பதால் விளக்கும் போடவில்லை, விசிறியும் இல்லை, கரண்டு வந்தாலும் அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. அம்மா நடுவில் கையை நீட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். “வந்துருச்சு. தறி ஓடுது” என்றாள்.

“என்ன கண்ணு, பேயடிச்சாப்பல உக்காந்திருக்கற?” என்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

மேலே எழுத முடியவில்லை.

ஜூலை 22, திங்கள்

பிரகதி வரவில்லை. இடைவேளையில் ஜனனியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“பிரகதிக்குக் காது கேக்காதா?”

அவள் யோசித்தாள். “எங்க வளவுல யாருக்கு மிஸ் கேக்குது? மூஞ்சியப் பாத்தாத் தெரியுமில்ல.”

“பட்டறைக்குள்ள இல்ல. இங்க, பள்ளிக்கொடத்துல.”

“இங்க நா சொல்லிருவேன் மிஸ். நீங்க திரும்பிக்கிட்டுச் சொல்றத நா வாயி அசச்சுக் காட்டுவேன், இல்லாட்டி என்ற தாளப் பாத்து அவ எழுதிக்குவா. ரெண்டாவது கிளாஸ் டீச்சரு நல்லா வாயத் தொறந்து பேசுவாங்க, அப்ப நா தேவையில்ல. உங்க வாயிதான் மிஸ் அவளுக்கு வெளங்கவே இல்ல. எத்தன பாத்தும் வெளங்கலைன்னு சொன்னா. அப்புறம் நீங்க அவளத் தூக்கிக் கதவுகிட்டப் போட்டுட்டீங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“பாத்து எழுதுனோம்னு நீங்க திட்டுனீங்களே.”

போகச் சொன்னேன். போனவள் திரும்பி வந்தாள்.

“அவளுக்குக் காச்சல் இல்ல மிஸ். பெரிய டீச்சர் உங்ககிட்ட, ‘அது மந்தம், வெள்ளிக்கெழம அது வராம இருந்தாத் தேவலை’ன்னாங்களாம். பெரிய டீச்சர் வாயி எம்மாந்தூரத்துல இருந்தாலும் தெரியுமில்ல. நீங்க ஆமான்னு தலையாட்டுனீங்களாம். அதான் அவ வரல. இனிமேட்டும் வர மாட்டாளாம்.”

மணி அடித்தது. நான் கணக்குப் பாடம் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

ஜூலை 23, செவ்வாய்

பெரிய டீச்சரிடம் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் குறுக்கே பேசவில்லை. “கேக்கல, சத்தமாச் சொல்லு” என்றும் சொல்லவில்லை.

“கூப்புட்டாத் திரும்பாது, கத்திப் பேசும், மூஞ்சியவே பாக்கும். வேலைக்கு வந்ததுல இருந்து இந்தத் தறிக்காரப் புள்ளைங்களத்தான் பாக்கறேன். எல்லாமே அப்படித்தான்னு இருந்துட்டேன். எத்தன புள்ளைய மந்தம்னு சொல்லிப் பட்டறைக்குத் தார் போட அனுப்புனனோ” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஈரோட்டுப் பெரியாஸ்பத்திரியில வியாழக்கெழம வியாழக்கெழம காது பாப்பாங்க. நா வரட்டுமா அவிய ஊட்டுக்கு?”

“வேண்டாம் டீச்சர். நான் போறேன்.”

அவருக்கு நான் வேண்டாம் என்று சொன்னது இதுவே முதல் தடவை. இதை நான் போன செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 24, புதன்

பள்ளி விட்டதும் போனேன். பிரகதியின் வீடும் பட்டறையும் ஒரே வளவுக்குள். அவள் அப்பா குமரவேலும் அம்மா மேகலாவும் அங்கேயே தறி ஓட்டுகிறார்கள். பட்டறை வாசல் மூலையில் தார் மெஷின். தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடாக்கட்டைக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றுவதுதான் தார் போடுவது. அதன் முன்னால் எனக்கு முதுகு காட்டிப் பிரகதி உட்கார்ந்திருந்தாள். விரலுக்கிடையில் நூல் ஓடிக்கொண்டிருந்தது.

மேகலா என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய் ஸ்டூல் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது.

“ஏனுங் டீச்சர், படிப்பு வர்லீன்னா வர்லீன்னு சொல்லுங்க. எம் புள்ளைக்கு எதுக்குங் செவுட்டுப் பட்டம் கட்டறீங்க? நாஞ் சொல்றது அத்தனையும் கேக்கறா. கடைக்குப் போன்னாப் போறா. தம்பியத் தூக்குன்னாத் தூக்கறா.”

“நேரா நின்னு சொல்லுவீங்களா அக்கா, பின்னாடி இருந்து சொல்லுவீங்களா?”

“யாருங் பின்னாடி நின்னு பேசுவாங்க? இந்தச் சத்தத்துல யாருக்குங் கேக்கும்?”

“தறி நின்னதும் கூப்புட்டுப் பாருங்க.”

ஷிப்ட் மாறும்போது கொஞ்ச நேரம் தறிகள் நிற்கும். அதுவரைக்கும் காத்திருந்தோம். அவர் எனக்குக் காப்பி கலந்து கொடுத்தார். நான் குடித்தேன். பட்டறை ஒவ்வொரு தறியாக அடங்கியது. கடைசித் தறியும் நின்றது.

மேகலா வாசலுக்கு வந்து நின்றார். பிரகதி அதே இடத்தில், அதே முதுகு.

“பிரகதி.”

அசையவில்லை.

“கண்ணு, பிரகதி.”

நூல் கண்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏ பிரகதீ!”

பக்கத்து வீட்டுத் திண்ணைக் கோழிகள் படபடவென்று ஓடின. குமரவேல் தறியைத் துடைத்த துணியோடு வெளியே வந்தார். அடுத்த ஷிப்டுக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மேகலா மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார். கடைசியில் அது பெயராகவே இல்லை, வெறும் கத்தலாக இருந்தது. தறிகள் மறுபடியும் கிளம்பி அந்தக் கத்தலை மூடும்வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. பிள்ளை திரும்பவில்லை.

குமரவேல் போய் அவள் தோளைத் தொட்டார். திரும்பினாள். அம்மா அழுவதைப் பார்த்தாள். பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. காதைப் பொத்திக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் வழி.

ஜூலை 26, வெள்ளி

தினமும் போகிறேன். குமரவேல் நல்ல மனிதர். “நா ஒண்ணும் அவள வேலைக்கு வெக்கலீங் டீச்சர். அவளா வந்து உக்காந்துக்கறா. எந்திரின்னா அழுகறா. பள்ளிக்கொடம்னாலே கண்ண மூடிக்கறா. நானென்ன பண்ணட்டும்?” என்கிறார்.

நான் சந்துமுனையில் திரும்பும்போதே அவள் பார்த்துவிடுகிறாள். பக்கத்தில் போவதற்குள் இமைகள் மூடிவிடுகின்றன. இறுக்கிக்கூட மூடுவதில்லை. தூங்குகிற பிள்ளையைப்போல் சாதாரணமாக.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். குமரவேல், மேகலா, நான். அவளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பஸ் பாலத்தைத் தாண்டும்போது காவிரியில் புதுத்தண்ணீர் கரைபுரண்டு போனது. மேகலா, “பாரு கண்ணு, தண்ணி பாரு” என்று அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினார். நான் எதிரில் உட்கார்ந்திருந்ததால் அவள் தண்ணீரையும் பார்க்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன்.

காது பார்க்கும் அறை சின்னது. கண்ணாடி வைத்த பெட்டிபோல் இருந்தது. உள்ளே உட்கார வைத்து, காதில் மாட்டி, ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார்களாம். கேட்கும்போது பிள்ளை கையைத் தூக்க வேண்டும். டாக்டரம்மா அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து பொறுமையாகச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். மூடிய கண்ணோடு, மடியில் வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“புள்ள ஒத்துழைச்சாத்தான்மா எவ்வளவு கேக்குதுன்னு தெரியும். அதப் பொறுத்துத்தான் காதுல மாட்டற மெஷின் குடுக்கறது. மெஷின் மாட்டினா, இந்த வயசுல புடிச்சுக்குவா. தள்ளிப் போடப் போடக் கஷ்டம். அடுத்த வியாழன் வாங்க” என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது குமரவேல் என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “அடுத்த வாரமும் இப்படின்னா உட்டுருங் டீச்சர். தார் போட்டுப் பொழச்சுக்குவா. பட்டறைக்குள்ள காது எதுக்கு?”

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. தறிகளுக்கு விடுமுறை. படித்துறையில் கூட்டம். அம்மா என்னை வற்புறுத்திக் கூட்டிப்போனாள். தூரத்தில் பிரகதியைப் பார்த்தேன். பச்சைப் பாவாடை. தம்பியின் காதில் ஏதோ கத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அவள் என்னைப் பார்ப்பதற்கு முன் கூட்டத்துக்குள் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இப்போது கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன். உதட்டைத் திறந்து, முகம் முழுக்கப் பேசுகிறேன், அம்மாவிடம் பேசுவதுபோல. கூச்சத்தில் கழுத்தெல்லாம் வியர்க்கிறது. ஆனால் சத்தமே போடாமல் சொல்வதை எழுதுதல் நடந்தது. கடைசி வரிசைவரை எழுதினார்கள்.

“மிஸ், இப்பத்தான் மிஸ் நீங்க சொல்றது தெரியுது” என்றான் தருண்.

கதவோரம் காலியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7, புதன்

நாளை வியாழன். நாளை அவள் கையைத் தூக்குவாளா என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பள்ளி விட்டதும் போனேன். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டாள். தார் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டே வேலை பார்க்க அவளுக்குத் தெரிந்திருந்தது. நூல் விரலுக்கிடையில் ஓடுவதே அவளுக்குப் போதும். மேகலா தறியிலிருந்து என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மற்ற நாட்களில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன். இன்று அவள் எதிரில், மெஷினுக்கு அந்தப் பக்கம், தரையில் உட்கார்ந்தேன். சேலையில் பஞ்சு ஒட்டியது. பட்டறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். டீச்சர் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு தறியிலிருந்து இன்னொரு தறிக்கு உதட்டில் செய்தி போனதையும் பார்த்தேன்.

நூல் அறுந்தது.

அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். அதற்குக் கண் வேண்டும். அவள் கண்ணைத் திறந்தாள். நுனியைத் தேடிப் பிடித்தாள். எதிரில் என் முகம் இருந்தது. நான் வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல் சொன்னேன்: “தப்பு என்னுது.”

முடிச்சுப் போட்டாள். கண்ணை மூடினாள்.

பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. காத்திருந்தேன். நல்ல நூலாக இருந்தது. அறுபடவே இல்லை. குச்சி நிறைந்தது, கையால் தடவியே எடுத்துவிட்டு வேறு குச்சி மாட்டினாள். இன்னொன்றும் நிறைந்தது. என் கால் மரத்துப்போனது. வாழ்க்கையில் எதற்கும் நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை, பரீட்சை முடிவுக்குக்கூட. ஒரு நூல் அறுவதற்கு.

அறுந்தது. கண் திறந்தது.

“நீ மந்தம் இல்ல. நாந்தான் உன்னயப் பாத்துப் பேசல.”

முடிச்சு முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை போட்டாள். அதற்குள் அவசர அவசரமாக, “நாளைக்கு டாக்டர்கிட்ட வா, நான் வெளியவே நின்னுக்கறேன்” என்றேன். பாதியில் கண் மூடிவிட்டது. எந்தப் பாதி போய்ச் சேர்ந்தது என்று தெரியாது.

சொல்லி முடித்துவிட்டேன். வேறு எதையும் நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. இருட்டப் போகிறது, அம்மா தேடுவாள், எழுந்து போய்விடலாம் என்று கையைத் தரையில் ஊன்றினேன்.

அப்போது பார்த்தேன். நூல் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிசிறுகூட இல்லை. பிரகதி இரண்டு விரலால் அதை இறுக்கிப் பிடித்து, வெடுக்கென்று இழுத்து அறுத்தாள்.

கண்ணைத் திறந்தாள். அறுந்த நுனிகளை அவள் தேடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.